இந்த முறை என் பெயரில்

ஜனவரி 9

அன்புள்ள இவளே,

இங்கே நலம். நீ, சின்னவள், மாப்பிள்ளை, பேத்தி எல்லோரும் நலமா? கட்டுப் போட்ட காலைச் சின்னவள் கீழே ஊன்றாமல் இருக்கிறாளா, இல்லை நீ அந்தப் பக்கம் திரும்பியதும் நொண்டியடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போகிறாளா? எலும்பு கூடுவது கணக்கு படிப்பது மாதிரிதான், அவசரப்படுத்தினால் கோணலாகக் கூடும் என்று நான் சொன்னதாகச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசத்தான் பேசுகிறோம். சின்னவள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். தலைமையாசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது பாடம் நடத்துவது போல் இருக்கிறது எனக்கு. அதனால்தான் கடிதம். பதிலும் கடிதமாகவே போடு.

உன் தையல் மிஷினுக்கு உறை போட்டு வைத்திருக்கிறேன். பாத்ரூம் குழாய் சொட்டுகிறது. மாலை ஆன்லைன் வகுப்புப் பிள்ளைகள் திரைக்குள்ளிருந்து உன்னைக் கேட்டார்கள். "மிஸ் இல்லாம பின்னாடி மிஷின் சத்தமே இல்ல சார்" என்றாள் ஒருத்தி.

அது இருக்கட்டும். நம் நெட் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. இந்தச் சுற்று உன் பெயரில் ஓடியது. இனி என் முறை. புதிதாக வருகிறவனுக்குப் பாதி விலை, வருடக்கணக்காக இருக்கிறவனுக்கு முழு விலை. நேற்றுச் சேர்ந்த பையனுக்குச் சும்மா பத்து மார்க் போட்டுவிட்டு, ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடவே படித்தவனுக்குப் பத்தைக் குறைப்பது போல. அதற்காகத்தானே நாமும் மாறி மாறிப் புது ஆளாகிக்கொண்டிருக்கிறோம்! "கல்யாணத்துக்கும் இப்படி ஒரு ஏற்பாடு இருந்தா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது மரியாதை கிடைக்கும்" என்று போன தடவை நீ சொன்னது நினைவிருக்கிறது. நான் சிரிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டாய். உள்ளுக்குள் சிரித்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
வாத்தியார்

ஜனவரி 20

வாத்தியாருக்கு,

நலம்தான். சின்னவள் காலை ஊன்றத்தான் செய்கிறாள். கேட்டால், "அப்பா மாதிரி உதாரணம் சொல்லாதம்மா" என்கிறாள். டாக்டர் இன்னும் மூன்று மாதமாவது ஆகும் என்கிறார். அதுவரை பேத்தியைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட ஆள் நான்தான். நீங்கள் ரத்த அழுத்த மாத்திரையைத் தவறாமல் போடுகிறீர்களா?

நெட் விஷயம். எதிர்வீட்டம்மா சொன்னாள், இப்போது விதியை மாற்றிவிட்டார்களாம். ஒரே வீட்டில் பழைய ஆள் இருக்கும்வரை இன்னொருவர் பெயரில் புது ஆள் விலை கிடையாதாம். அப்படியானால் முழு விலையைக் கட்டிவிடுங்கள். போன தடவை கஸ்டமர் கேர் பிள்ளைக்கு அரைமணி நேரம் பின்னம் நடத்தினீர்கள். அது அழாத குறை. வயிற்றுப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். வாயைக் கொடுத்து வம்பை வாங்காதீர்கள். பழைய ஆளாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

குழாய்க்கு வாஷர் மாற்றினால் போதும்.

உங்கள்,
வீட்டுக்காரி

பிப்ரவரி 8

அன்புள்ள இவளே,

நலம். அங்கே எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாத்திரை தவறவில்லை.

நெட் விஷயம் முடிந்தது. என் பெயரில், புது ஆள் விலையில் கிடைத்துவிட்டது. வேகமும் கூடுதல். பேசிய பெண் நல்ல மாதிரி. நிலைமையைப் புரிந்துகொண்டாள்.

குழாய்க் கதையைக் கேள். வாஷர் வாங்கக் கடைக்குப் போனேன். "எந்த சைஸ் சார்?" என்றான். தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கழற்றிக் கொண்டுபோனால், "இது தேஞ்சுபோச்சு சார், இதை வச்சு சைஸ் சொல்ல முடியாது" என்கிறான். மூன்று அளவிலும் ஒவ்வொன்று வாங்கி வந்தேன். முதலாவது பெரிது, இரண்டாவது சிறிது, மூன்றாவது பொருந்தியது. பிள்ளைகளுக்குத் தோராய மதிப்பு நடத்த நல்ல உதாரணமாயிற்று. இப்போது ஒரு சொட்டுக்கூட இல்லை. ஆனால் சத்தம் பழகிப்போனதால் வீடு என்னவோ போல் இருக்கிறது.

உன் போனில் பழைய கணக்கின் ஆப் இருந்தால் எடுத்துவிடு. இனி அது தேவைப்படாது.

உன்,
வாத்தியார்

பிப்ரவரி 19

வாத்தியாருக்கு,

நாங்கள் நலம். சின்னவள் ஊன்றுகோலில் நடக்கிறாள். பேத்திக்கு ஒரு பல் விழுந்தது.

குழாயைப் பற்றி ஒரு பக்கம். நெட்டைப் பற்றி நாலே வரி. கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல், பக்கத்துக் கேள்விக்கு நீட்டி முழக்கி எழுதும் பிள்ளையை நீங்கள் என்ன சொல்வீர்கள்?

ஆப்பைத் திறந்தேன். இந்தப் பெயரில் வாடிக்கையாளர் இல்லை என்று வருகிறது. இத்தனை வருடம் நான் பணம் கட்டிய விவரம் எதுவுமே இல்லை. ஒப்பந்தம் முடிந்தால் முடிந்தது என்றுதானே போடுவான்? ஆளே இல்லை என்றா போடுவான்?

எப்படி ஒத்துக்கொண்டார்கள்? அந்தப் பெண் புரிந்துகொண்ட நிலைமை என்ன? எனக்கும் புரியும்படி எழுதுங்கள்.

உங்கள்,
வீட்டுக்காரி

மார்ச் 15

அன்புள்ள இவளே,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். கண்ணில் கொஞ்சம் உறுத்தல். இப்போது தேவலை. பேத்தியின் பல் முளைக்கத் தொடங்கிவிட்டதா?

நெட் நன்றாக இருக்கிறது. வேகம் சரியாக வருகிறதா என்று விசாரிக்க அந்தப் பெண் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டாள். இந்தக் காலத்தில் இப்படி விசாரிக்கிறவர்கள் அபூர்வம்.

நேற்று என் சட்டையில் ஒரு பட்டன் ஆடுவது போல் இருந்தது. இழுத்துப் பார்த்தேன். பட்டன் ஆடவில்லை, துணிதான் நைந்திருக்கிறது. நீ தைத்த பட்டன் துணி போன பிறகும் நிற்கிறது. நீ நூலைப் பல்லால் கடித்து அறுப்பாயே, கத்தரி பக்கத்தில் இருக்கும்போதே. அதை நான் எத்தனை தடவை குறை சொல்லியிருக்கிறேன்! குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை என்று இப்போது தோன்றுகிறது.

வேறு விசேஷம் இல்லை. நீ சரியாகச் சாப்பிடு. பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு மிச்சத்தை நின்றுகொண்டே சாப்பிடாதே.

உன்,
வாத்தியார்

மார்ச் 22

வாத்தியாருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துப் பயந்துவிட்டேன். முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு பட்டனுக்காக என்னைப் பாராட்டியதில்லை. உடம்புக்கு என்ன? மறைக்காமல் சொல்லுங்கள். டாக்டர் ஏதாவது சொன்னாரா? சின்னவளிடம் காட்டினேன். "அம்மா, அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்கிறாள் அவளும்.

கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. நீங்கள் சொல்லாவிட்டால் போகட்டும். கஸ்டமர் கேருக்கு நானே பேசிக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள்,
வீட்டுக்காரி

மார்ச் 27

அன்புள்ள இவளே,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. சத்தியமாக இல்லை.

கஸ்டமர் கேருக்குக் கூப்பிட வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன். தயவுசெய்து கூப்பிடாதே.

உன்,
வாத்தியார்

ஏப்ரல் 6

வாத்தியாருக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முந்திய நாளே கூப்பிட்டுவிட்டேன்.

முதலில் ஒரு பையன் எடுத்தான். வீட்டு நம்பரைச் சொன்னேன். "ஒரு நிமிஷம்மா, இந்த வீட்டு கால் எல்லாம் எங்க மேடம்தான் பேசுவாங்க, குறிப்பு போட்டிருக்காங்க" என்று மாற்றிக் கொடுத்தான். உங்கள் நல்ல மாதிரிப் பெண் வந்தாள். நல்ல மாதிரிதான். குரலைக் கேட்டாலே தெரிகிறது. நான் கணக்கைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். என்னை ஏதோ சொந்தம் என்று எடுத்துக்கொண்டாள்.

"அம்மா தவறினதுல இருந்து சார் ரொம்ப உடைஞ்சு போயிருக்காரும்மா. விளம்பர கால் எதுவும் போய் அவரைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதான் குறிப்பு போட்டேன். நான் அப்பப்ப கூப்பிட்டு சாப்பிட்டீங்களா சார்னு கேப்பேன். எங்கப்பா போனப்ப எங்கம்மாவை யாருமே அப்படிக் கேக்கலம்மா. அதான்."

ஹாலில் நின்றுகொண்டிருந்தேன். பேத்தி கீழே உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். நான் செத்துப்போன செய்தியை அப்படித்தான் கேட்டேன்.

அவள் நிறுத்தவில்லை. "எப்பவும் அம்மா பேச்சுதாம்மா. அவருக்கு ஹெட்மாஸ்டர் வேலை கிடைக்காம போச்சாமே, அன்னிக்கு அம்மா ஒரு வார்த்தை கேக்கலயாம். மறுநாள் காலையில எழுந்து பார்த்தா ஷூவைப் பாலிஷ் போட்டு வாசல்ல வச்சிருந்தாங்களாம். அதைப் போட்டுக்கிட்டுத்தான் தலையை நிமிர்த்திட்டு பள்ளிக்கூடம் போனேன்னு சொன்னாரு. பேப்பர் திருத்தறப்ப கூட்டல் தப்பா இருந்தா அம்மா பென்சில்ல சரி பண்ணி வச்சிடுவாங்களாம், இவருக்கு வெக்கமா இருக்கக் கூடாதுன்னு. அவ திருத்தினது எனக்குத் தெரியும்னு அவகிட்ட நான் சொல்லவே இல்லம்மான்னு அழுதாரு."

அந்த ஷூவை நீங்கள் கவனிக்கவே இல்லை என்று இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உயிரோடு இருக்கிறவளிடம் சொல்லக் கூடாததா அதெல்லாம்? இருக்கும்போது டீ சூடு போதவில்லை என்பதற்கு மேல் ஒரு பேச்சில்லை. பாதி விலைக்கு நெட் வாங்க என்னைக் கொன்றீர்கள், சரி. கொன்ற பிறகு கொஞ்சினீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

சின்னவளிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் என்னைக் கேட்காதீர்கள். வரமாட்டேன்.

இன்னும் உயிரோடு இருக்கும்,
வீட்டுக்காரி

மே 2

அன்புள்ள இவளே,

இதற்கு முன் நான்கு தாள்களைக் கிழித்தேன். நலம் விசாரிக்கக்கூட எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும், நலமா?

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். அந்தப் பெண் விதியைத்தான் சொன்னாள். "அம்மா அதே வீட்ல இருக்கறவரைக்கும் உங்களைப் புது கஸ்டமரா போட முடியாது சார்" என்றாள். நான் வழக்கம்போல் வாதாடினேன். அவள் பொறுமையாக, "விலக்கு மூணே மூணுதான் சார். அவங்க வீடு மாறிப் போயிருக்கணும், இல்ல நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சிருக்கணும், இல்லன்னா..." என்று நிறுத்தினாள். பிறகு மெதுவாக, "இதுல எதாவது இருக்கா சார்?" என்று கேட்டாள்.

"ஒன்றும் இல்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் எனக்குப் பாதி விலை வேண்டியிருந்தது. வீடு மாறினாய் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். எங்கே, ஏன் என்று கேட்பாள். பிரிந்திருக்கிறோம் என்பது நாக்கு நுனிவரை வந்தது. பெண்டாட்டி விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று ஒரு முகம் தெரியாத பெண் என்னைப் பற்றி நினைப்பாளே என்று கூசியது. உறை போட்ட உன் மிஷினைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

அவள் குரல் மாறியது. "ஐயோ, சாரி சார். நான் கேட்டிருக்கக் கூடாது. எங்கப்பாவும் போன மாசம்தான்..." என்றாள். வாயைத் திறந்தேன். "சர்டிஃபிகேட் எல்லாம் இப்பக் கேட்டு உங்களைக் கஷ்டப்படுத்த மாட்டேன் சார், நானே பாத்துக்கறேன்" என்றாள். கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

வகுப்பில் கண்ணாடியை உடைத்தது யார் என்று கேட்பேன். உடைத்தவன் பேசாமல் நிற்பான். "நான் பொய் சொல்லல சார், ஒண்ணுமே சொல்லல" என்பான் பிறகு. அவனுக்கு நான் சொன்ன பதிலெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. இப்போது அவன் நின்ற இடத்தில் நிற்கிறேன்.

பிறகு அவள் கூப்பிட ஆரம்பித்தாள். முதல் தடவையே சொல்லியிருக்கலாம். "அம்மா எப்படிப்பட்டவங்க சார்?" என்று கேட்டாள். அதை என்னிடம் யாரும் கேட்டதே இல்லை. சொன்னேன். நான் சொன்னது எல்லாம் உண்மை. அதுதான் இன்னும் வெட்கக்கேடு.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் சர்டிஃபிகேட் வாங்காததற்கு அவள் வேலைக்கே கெடுதல் வருமோ என்று பயமாக இருக்கிறது. அவள் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை.

மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. எப்போது வருவாய் என்று மட்டும் எழுது.

வாத்தியார்

மே 10

வாத்தியாருக்கு,

சின்னவளுக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள். நடக்கிறாள். இங்கே என் வேலை முடிந்தது.

நான் விட்டுப் போனால் உங்களுக்கு அவமானம். செத்தால் உங்களுக்கு அனுதாபம். எதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று தெரிந்துகொண்டேன். இதை ஒரு தடவை எழுதிவிட்டேன், இனி எழுதமாட்டேன்.

அந்தப் பெண்ணுக்குக் கெடுதல் வரும் என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்ததா? அப்படியானால் நீங்கள்தான் முன்னால் போய் நிற்க வேண்டும். அந்தப் பெண் உங்கள் வீட்டில் சாவு என்று நம்பி உங்களைச் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாள். நீங்கள் போனை எடுக்காவிட்டால் உங்களுக்கு என்ன ஆனதோ என்று பதறுவாள். அவளிடம் சொல்லுங்கள். சொன்ன பிறகு எனக்கு எழுதுங்கள். அதுவரை நான் அந்த வீட்டுக்கு வரமுடியாது. செத்தவள் எப்படி வருவது?

வீட்டுக்காரி

மே 24

அன்புள்ள இவளே,

சொல்லிவிட்டேன்.

முதலில் கிளை அலுவலகத்துக்குப் போனேன். டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒருவர், "ரூட்டர் பிரச்சினையா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். பார், கடைசி நிமிடத்தில்கூட. பிறகு அவரிடம், "இல்லைங்க, என் வீட்டுக்காரி இருக்கும்போதே இறந்துட்டான்னு ஆகிப்போச்சு, அதை மாத்த வந்தேன்" என்றேன். அவர் தன் பையை எடுத்துக்கொண்டு வேறு நாற்காலிக்குப் போய்விட்டார்.

மேலாளர் சின்ன வயது. தவறு முழுக்க என்னுடையது, அந்தப் பெண் இரக்கப்பட்டுத்தான் செய்தாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். முழு விலையும் இதுவரைக்கான வித்தியாசமும் கட்டுவதாகச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க டீச்சரா இருந்தவரா சார்?" என்றார். படிவத்தில் தொழில் போட்டிருந்தது. நான் எழுதிக் கொடுத்ததைக் கோப்பில் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உன் கணக்கைத் திரும்பத் திறக்க நீ அடையாள அட்டையோடு நேரில் வர வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்து அவளைக் கூப்பிட்டேன். என் குரல் கேட்டதும், "சார்! எங்க போயிட்டீங்க? பயந்தே போயிட்டேன். சாப்பிட்டீங்களா?" என்றாள். "அம்மா, என் வீட்டுக்காரி நல்லா இருக்கா. அன்னிக்கும் நல்லாத்தான் இருந்தா. ஆஃபருக்காக நான் பேசாம இருந்துட்டேன்" என்றேன்.

அவளைச் சுற்றி மற்றவர்கள் பேசும் இரைச்சல் மட்டும் கேட்டது. "அம்மா இருக்காங்களா?" என்றாள். அதில் ஒரு கணம் சந்தோஷம் இருந்தது, சத்தியமாக இருந்தது. பிறகு, "எங்கப்பாவைப் பத்தி எல்லாம் உங்ககிட்ட சொன்னேனே சார்" என்றாள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியாக ஒன்று கேட்டாள். அதை இங்கே எழுதவில்லை. பிறகு அவள் குரல், முதல் நாள் போனை எடுத்தபோது இருந்ததே, அந்தக் குரலாகிவிட்டது. "வேறு ஏதேனும் உதவி தேவையா சார்? அழைத்தமைக்கு நன்றி" என்றாள். எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னாள். நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அவள் வேலைக்கு ஒன்றும் ஆகாது, எச்சரிக்கையோடு விட்டுவிடுவோம் என்று மேலாளர் நேற்றுச் சொன்னார். இனி அவள் கூப்பிடமாட்டாள்.

உன் மிஷினின் உறையை எடுத்துவிட்டேன். அது மூடியிருப்பதைப் பார்க்க முடியவில்லை.

உன்,
வாத்தியார்

ஜூன் 1

அன்புள்ள வாத்தியாருக்கு,

நலம். நீங்கள் நலமா? மாத்திரை?

வியாழக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். நீங்கள் ஸ்டேஷனுக்கு வர வேண்டாம் என்று எழுத நினைத்தேன். வாருங்கள். பெட்டி கனமாக இருக்கிறது.

அந்தப் பெண் கடைசியாகக் கேட்டது என்ன என்று நீங்கள் எழுதவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் எழுதவில்லை என்று தெரியும். "அப்ப என்கிட்ட பேசின அம்மாவோட தங்கச்சி யாரு சார்?" என்றுதானே கேட்டாள்?

எனக்குத் தங்கை கிடையாது. அது உங்களுக்கும் தெரியும்.

அன்றைக்கு அவள் என்னைச் சொந்தம் என்று எடுத்துக்கொண்டதாக எழுதியிருந்தேன். அவளாக எடுத்துக்கொள்ளவில்லை. "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்மா?" என்று கேட்டாள். அவள் அதற்குள் ஷூக் கதையை ஆரம்பித்திருந்தாள். நான்தான் அந்த அம்மா என்று சொன்னால் அத்தோடு நிறுத்திவிடுவாள். எனக்கு மிச்சத்தையும் கேட்க வேண்டியிருந்தது. "தங்கச்சி" என்றேன். அவளும் எல்லாவற்றையும் சொன்னாள், என்னைத் தேற்றக்கூடச் செய்தாள். "அக்காவை நினைச்சு அழாதீங்கம்மா" என்றாள். நான் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தேன்.

நீங்கள் பேசாமல் இருந்தீர்கள். நான் வாயைத் திறந்தே பொய் சொன்னேன். அதை மறைத்து வைத்துக்கொண்டு உங்களுக்கு அப்படி ஒரு கடிதமும் எழுதினேன். உங்கள் மே இரண்டாம் தேதிக் கடிதத்தைப் படித்த அன்று பேத்தியின் பின்னலை மூன்று தடவை அவிழ்த்துப் பின்னினேன்.

வந்ததும் கிளை அலுவலகத்துக்குப் போவோம். கணக்கு என் பெயரிலேயே இருக்கட்டும், முழு விலைக்கு. அதன் பிறகு அந்தப் பெண்ணின் நம்பரைப் போட்டுக் கொடுங்கள். அவள் அந்த அழைத்தமைக்கு நன்றிக் குரலில்தான் பேசுவாள். பேசட்டும். இந்த முறை நான் சொல்ல வேண்டும். நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். நான் பேசாமல் இருந்துவிட்டால் கையைக் கிள்ளுங்கள்.

உங்கள்,
வீட்டுக்காரி